நாஸில் அக்காவின் மெஷின் ஒழுகிய இரண்டு மாதம்

அந்தத் தெருவில் மொத்தம் ஏழு பிரிண்டிங் கடைகள். எந்தக் கடையில் போய் அவளுடைய நிஜப் பெயரைச் சொல்லிக் கேட்டாலும் உதட்டைப் பிதுக்குவார்கள். நாஸில் அக்கா என்று கேட்டுப் பாருங்கள், டீ கொண்டுவருகிற ஆள்கூட வாசல்வரை கூட்டிக்கொண்டு போய் விடுவார். பத்தடி அகலத்துக்கு ஃப்ளெக்ஸ் அடிக்கிற மெஷின் ஒன்றை வைத்துக்கொண்டு பதினொரு வருடமாகத் தனியாளாகக் கடை நடத்துகிறவள். காலையில் ஷட்டரைத் தூக்கியதும், கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல், நாஸில் டெஸ்ட் அடிப்பாள். மெஷினின் ஹெட்டில் இங்க் வெளியே வருகிற மயிரிழைத் துளைகள்தான் நாஸில். அத்தனையும் திறந்திருக்கிறதா என்று பார்க்க, நான்கு நிறத்திலும் கோடு கோடாக ஒரு தாளில் அடித்துப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு கோடு விட்டுப்போயிருந்தாலும் அன்றைக்கு அவளிடம் யாரும் வாயைக் கொடுக்க முடியாது. மற்ற கடைக்காரர்கள் பத்து மணிக்குச் சோம்பல் முறித்துக்கொண்டு வந்தால் வாசலிலேயே மறித்துக் கேட்பாள்: "டெஸ்ட் அடிச்சியா? நேத்து ராத்திரி கேப்பைத் துடைச்சியா, இல்ல அப்படியே பூட்டிட்டுப் போயிட்டியா?"

இந்தக் கெடுபிடிக்குக் காரணம் உண்டு. மெஷின் கம்பெனியே விற்கிற இங்க்கை வாங்கி அடித்தால் கட்டுப்படியாகாது. வெளியே யாரோ தயாரித்துக் கேனில் விற்கிற இங்க்தான் அந்தத் தெரு முழுக்க. வெளி இங்க் என்று சொல்வார்கள். வெளி இங்க்கை ஊற்றிவிட்டு மெஷினைத் திரும்பிப் பார்க்காமல் இருந்தால், ஒரு வாரத்தில் ஹெட் அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். ஹெட் போனால் கடையே போன மாதிரி. அதனால் சாயங்காலம் மூடுவதற்கு முன்னால் ஹெட் போய் உட்காருகிற ரப்பர் கேப்பில் இங்க்கைக் கரைக்கிற சொல்யூஷன் நாலு சொட்டு விடுவாள், பக்கத்தில் இருக்கிற வைப்பரைத் துடைப்பாள், ஹெட் தன் இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் மெயின் சுவிட்சில் கை வைப்பாள். கைக்குழந்தையைத் தூங்கவைக்கிறவள்கூட அவ்வளவு பார்க்க மாட்டாள்.

அவளுக்கு இங்க் கொடுத்தது அவள் தம்பி. எட்டு வயது சின்னவன். செல்போன் ரிப்பேர் பார்த்தான், கூரியர் எடுத்தான், தரைக்கு டைல்ஸ் ஒட்டினான். எதிலும் கால் ஊன்றவில்லை. கடைசியாக டிரம்மில் இங்க் வாங்கி, வடிகட்டி, கேனில் நிரப்பி விற்கிற தொழிலில் இறங்கினான். முதல் கேனை வாங்கி ஊற்றியது அக்காதான். "நாஸில் அக்காவே ஊத்துறாங்கன்னா அப்புறம் நமக்கு என்ன யோசனை?" என்று மீதி ஆறு கடையும் பின்னாலேயே வந்தது. இரண்டரை வருடம் ஓஹோ என்று ஓடியது. செவ்வாய்க்கிழமை ஆனால் வண்டியின் இரண்டு பக்கமும் கேன் தொங்க வந்து நிற்பான். "என்னங்க டாக்டரம்மா, பேஷன்ட் எப்படி இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருவான். அவன் பிழைப்பு முழுக்க அக்கா வாயிலிருந்து வந்த ஒரு நல்ல வார்த்தையில் நின்றது. அது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அவள் இடுப்பு பிடித்துக்கொண்டது.

இங்க் டேங்க் நான்கும் மெஷின் காலுக்குப் பக்கத்தில், முழங்காலுக்கும் கீழே, ஒரு தாழ்ந்த பலகையில் இருக்கும். ஒவ்வொரு தடவையும் குனிந்துதான் ஊற்ற வேண்டும். ஒருநாள் குனிந்தவள் நிமிரவில்லை. பன்னிரண்டு நாள் படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார் டாக்டர். அவள் கணவர் வெல்டர். போர்டுகளுக்கு இரும்புச் சட்டம் அடிக்கிறவர். அதிகம் பேச மாட்டார். அந்த நாட்களில் தினமும் கடைக்குப் போய், அவள் சொன்னபடி கேப்பில் சொல்யூஷன் விட்டு வந்தது அவர்தான். மனைவி படுத்துக் கிடப்பதைப் பார்த்துவிட்டு மூன்றாம் நாள், "டேங்க் வைக்க ஒரு ஸ்டாண்டு அடிச்சிடறேன். எவ்வளவு உயரம் வேணும்?" என்று கேட்டார்.

"இடுப்பு உசரத்துக்கு இருக்கட்டும்ங்க. இனிமே நான் குனியவே கூடாது" என்றாள் அவள், கூரையைப் பார்த்தபடி.

அப்படியே அடித்தார். பச்சைப் பெயின்ட், நான்கு டேங்குக்கும் தனித்தனித் தடுப்பு, ஓரத்தில் துணி தொங்கவிட ஒரு கொக்கி. டியூபுக்கு நீளம் பத்தாமல் புதிது வாங்கி மாட்டினார். பதின்மூன்றாம் நாள் கடைக்கு வந்து பார்த்தவளுக்கு வாயெல்லாம் பல். எதிர்க்கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

அதே வாரம் தம்பி வந்து, "அக்கா, இது புது லாட். பழைய ஆள்கிட்ட சரக்கு தீர்ந்துபோச்சு, வேற இடத்துல எடுத்திருக்கேன். டெஸ்ட் பண்ணிட்டேன், நல்லா இருக்கு" என்று நான்கு கேன் இறக்கினான். நான்கு டேங்கையும் கழுத்துவரை நிரப்பினாள். மறுநாள் காலையில் ஷட்டரைத் தூக்கினால், மெஷின் அடியில் தரையெல்லாம் கருப்பு.

முதல் நாள் துடைத்தாள். இரண்டாம் நாளும் துடைத்தாள். மூன்றாம் நாள் துடைத்துக்கொண்டே திட்டினாள். சனியன் பிடித்த இங்க், கேப் நிரம்பி வழிந்து தரைக்கு இறங்குகிறது. சொட்டிய கருப்பு ஹெட்டின் அடிப்பக்கம் பரவிக் காய்ந்து, பக்கத்திலிருக்கும் மஞ்சள் துளைகளை அடைக்கிறது. அடைப்பை எடுக்க ஹெட் கிளீனிங் கொடுத்தால், அது ஒரு பக்கம் இங்க்கை உறிஞ்சிக் கழிவு பாட்டிலை நிரப்புகிறது. கிளீனிங் முடிந்து டெஸ்ட் அடித்தால் மஞ்சளில் ஆறு கோடு காணோம். மறுபடி கிளீனிங். இப்போது மஞ்சள் வந்துவிட்டது, சிவப்பில் நாலு காணோம். ஒரு நாளில் பாதி இதிலேயே போனது. கை, முழங்கை, காது மடல், தண்ணீர் குடிக்கிற சொம்பு, எல்லாவற்றிலும் கருப்பு.

பல் டாக்டர் ஒருவருக்குப் போர்டு. எட்டடி நீளத்துக்கு ஒரு பெண் சிரிக்கிறாள். அடித்து முடிக்கப் போகிற நேரத்தில் ஹெட்டிலிருந்து ஒரு சொட்டு நேராக அந்தப் பெண்ணின் முன்பல்லில் விழுந்தது. சொத்தைப் பல்! ஊரில் எத்தனை இடம் இருக்கிறது, அந்தச் சனியனுக்குப் பல்தானா கிடைத்தது? இரண்டாம் தடவை அடித்தாள். இந்தத் தடவை மூக்குக்குக் கீழே விழுந்து மீசை வைத்தது. போர்டு வாங்க வந்த டாக்டர், "பரவால்ல, மீசையோட இருந்தா ஆம்பளைங்களும் வருவாங்க" என்று ஜோக் அடித்தார். அவளுக்கு அழுகை வந்தது. மூன்றாம் தடவை டேங்க் பாதிக்கு இறங்கியிருந்தது. அப்போது ஒரு சொட்டும் விழவில்லை.

இதை அவள் கவனிக்காமல் இல்லை. டேங்கை நிரப்பினால் ஒழுகுகிறது, பாதிக்கு இறங்கினால் நிற்கிறது. பதினொரு வருட அனுபவம் உடனே ஒரு தீர்ப்புச் சொன்னது: கேனிலிருந்து புதிதாக ஊற்றுகிற இங்க்தான் ஒழுகுகிறது. இங்க் தண்ணீராக இருக்கிறது. புது லாட்தான் கோளாறு.

தம்பி வந்தான். கேனைத் திறந்து பார்த்தான், ஒரு குச்சியில் தொட்டு வடிய விட்டுப் பார்த்தான், வேறு கேன் கொடுத்தான். ஒழுகியது. மறுபடி வந்தான். ஹெட்டுக்கு மேலே இங்க் போகிற சின்னச் சின்ன டேம்பர்கள் நான்கையும் தன் கைக்காசில் புதிதாக மாற்றினான், வாஷர் மாற்றினான். ஒழுகியது. மூன்றாம் தடவை வந்தவன் இங்க்கைப் பார்க்கவில்லை. மெஷினைச் சுற்றி இரண்டு நடை நடந்தான். ஸ்டாண்டின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றான்.

"அக்கா, மத்த ஆறு கடையிலயும் இதே லாட்தான் ஓடுது. எங்கயும் ஒழுகல. உன்கிட்ட மட்டும்தான் ஒழுகுது."

அவ்வளவுதான். மூக்குக்கு மேல் வந்துவிட்டது கோபம்.

"என்கிட்ட மட்டுமா? அப்ப என் மேல தப்புங்கறியா? இந்தத் தெருவுக்கே மெஷின் பார்க்கக் கத்துக்குடுத்தவ நான்டா! நேத்து வரைக்கும் டைல்ஸ் ஒட்டிக்கிட்டிருந்தவன் நீ!"

"அது இல்லக்கா. அந்த ஸ்டாண்டு கொஞ்சம்…"

"ஸ்டாண்டுக்கு என்ன இப்ப? என் இடுப்பு உடைஞ்சு கிடந்தப்ப உங்க மாமா ராத்திரி பகலா உட்கார்ந்து அடிச்சது. உன் தண்ணி இங்க்கை மறைக்க அவர் செஞ்சதைக் குறை சொல்லாத!"

தெரு முழுக்கக் கேட்டது. எதிர்க்கடைக்காரர் வெளியே வந்தார், அடுத்த கடைக்காரர் வந்தார். அவள் வாசலுக்கே வந்து, "எல்லாரும் கேட்டுக்குங்க. இவன் இங்க் தண்ணி. உங்க ஹெட்டு பத்திரம். என் தம்பின்னு பார்த்து உங்களை ஏமாத்த மாட்டேன்" என்றாள். சொல்லும்போது தான் ஏதோ பெரிய நியாயம் செய்வதாகவே நினைத்தாள். தம்பி காலி கேனை எடுத்து வண்டியில் மாட்டிக்கொண்டு போனான்.

நாஸில் அக்கா சொந்தத் தம்பியின் இங்க்கையே வேண்டாம் என்றால் வேறு யார் வாங்குவார்கள்? மூன்று வாரத்தில் ஆறு கடையும் வேறு ஆளிடம் போயின. போதாக்குறைக்கு, மாற்றுவதற்கும் அவளே போய் நின்றாள். ஒரு இங்க் இருந்த டியூபில் வேறு இங்க் ஊற்றினால் இரண்டும் சேராது, திரிந்து கட்டியாகும், ஹெட்டை அடைத்துவிடும். அதனால் பழைய இங்க்கை முழுக்க இறக்கி, டியூப், டேம்பர், ஹெட் எல்லாவற்றையும் சொல்யூஷன் விட்டுக் கழுவ வேண்டும். ஒவ்வொரு கடையிலும் கூடவே இருந்து கழுவிக் கொடுத்தாள். "இந்தக் கழுவல் ஒரு தடவைதான் ஹெட்டு தாங்கும். இனிமே இங்கயும் அங்கயுமாத் தாவாதீங்க" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு வந்தாள்.

கடைசியாகத் தன் மெஷினிலும் மாற்றினாள். புது ஆளின் இங்க் கெட்டியாக, நல்ல வாசனையாக இருந்தது. முதல் இரண்டு நாள் டேங்கில் பாதிதான் ஊற்றினாள், ஒழுகவில்லை. "பார்த்தீங்களா?" என்று கணவரிடம் வெற்றியோடு சொன்னாள். இந்த நேரத்தில்தான் அம்மா போன் செய்தாள்.

"ஏன்டி, உன் தம்பி இங்க் யாவாரத்தையும் விடப் போறானாமே? கேட்டா, சலிச்சுப்போச்சுங்கறான். நாற்பது வயசாகப் போகுது, இன்னும் நிலையில்லாத பயலாவே இருக்கானே."

"அவனுக்கு எதுலம்மா கால் தரிச்சிருக்கு?" என்றாள் அவளும். "ஒரு தொழில்னா அக்கறை வேணும். அது அவன்கிட்ட கிடையாது."

மறுநாள் பெரிய வேலை ஒன்று வந்தது. டேங்க் நான்கையும் கழுத்துவரை நிரப்பினாள். அன்று மத்தியானமே சொட்டியது.

அவள் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தாள். எரிச்சல் என்றால் அப்படி ஒரு எரிச்சல். இங்க் மாற்றியாயிற்று, டேம்பர் மாற்றியாயிற்று, வாஷர் மாற்றியாயிற்று. இனி மாற்ற அவளைத்தான் மாற்ற வேண்டும். எதையாவது போட்டு உடைக்க வேண்டும் போலிருந்தது. உடைக்கிற மாதிரி எதுவும் கையில் கிடைக்கவில்லை. சரி, ஸ்டாண்டையாவது துடைப்போம், அதிலும் ஒரே கருப்பு என்று டேங்க் நான்கையும் ஒவ்வொன்றாகத் தரையில் இறக்கி வைத்தாள். ஹெட்டுக்கு அடியில் ஒரு வெள்ளைத்தாளை விரித்துவிட்டுத் துணியைப் பிழியப் பின்பக்கம் போனாள்.

திரும்பி வந்தபோது தாள் வெள்ளையாகவே இருந்தது.

குனிந்து பார்த்தாள். ஹெட் காய்ந்து கிடந்தது. கருப்பு டேங்கை மட்டும் எடுத்து ஸ்டாண்டில் வைத்தாள். எண்ணிக்கொண்டே நின்றாள். இருபதுக்குள் ஒரு சொட்டு விழுந்தது. இறக்கினாள், நின்றது. ஏற்றினாள், விழுந்தது. நான்கு தடவை ஏற்றி இறக்கினாள். இடுப்பு வலித்தது.

வண்டியிலிருந்து டியூப் போட்டு பெட்ரோல் எடுக்கிற எவனுக்கும் தெரிந்த விஷயம் இது. கேன் தாழ்வாக இருந்தால்தான் பெட்ரோல் இறங்கும். இங்கே டேங்கை நிரப்பினால் இங்க் மட்டம் ஹெட்டை விட உயரத்தில் நிற்கிறது, இங்க் தானாக இறங்கித் துளை வழியே சொட்டுகிறது. டேங்க் பாதியானால் இங்க் மட்டம் ஹெட்டுக்குக் கீழே போய்விடும், சொட்டு நின்றுவிடும். புது மெஷின் வாங்கியவர்களிடம் அவளே எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள், டேங்க் எப்போதும் ஹெட்டுக்குக் கீழேதான் இருக்க வேண்டும் என்று! படுக்கையில் கிடந்தபோது இடுப்பு ஒன்றுதான் ஞாபகத்தில் இருந்தது.

சாயங்காலம் கணவர் வந்தார். சொன்னாள். அவர் ஸ்டாண்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "காலை அறுத்துடட்டுமா?" என்றார்.

"அறுத்துடுங்க. நீங்க என்ன பண்ணுவீங்க? அளவு சொன்னது நான்" என்றாள்.

மறுநாள் காலை நாஸில் டெஸ்ட் அடிக்காமல் கடையைத் திறந்து போட்டுவிட்டு, ஆறு கடைக்கும் போனாள். மானம் மரியாதையெல்லாம் பார்க்கவில்லை. ஒவ்வொரு வாசலிலும் நின்று, "தப்பு என் மேல. டேங்கை உசரத்துல வெச்சுட்டு இங்க்கைச் சொன்னேன். அவன் இங்க்ல ஒரு குறையும் இல்ல. மறுபடி அவன்கிட்டயே வாங்குங்க" என்றாள். யாராவது இரண்டு திட்டு திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். ஒருவரும் திட்டவில்லை. எதிர்க்கடைக்காரர் நாற்காலியை நகர்த்திப் போட்டு, டீ சொன்னார்.

"விடுங்கக்கா, எல்லாருக்கும் நடக்கறதுதான். தம்பி தங்கமான ஆளு, எங்களுக்குத் தெரியாதா? ஆனா இப்ப மறுபடி மாத்தணும்னா டியூபெல்லாம் திரும்பக் கழுவணும். ஒரு தடவைதான் ஹெட்டு தாங்கும்னு நீங்கதானேக்கா சொன்னீங்க?"

மற்ற ஐந்து கடையிலும் கிட்டத்தட்ட இதே பதில்தான். அவள் சொல்லிக்கொடுத்த பாடத்தை ஒருவர்கூட மறக்கவில்லை!

தம்பி இங்க் நிரப்புகிற இடம் ஒரு டயர் கடைக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. அவள் போனபோது புனல்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தான். இரண்டு டிரம்மும் மூடி இறுக்கி, வாசல் பக்கம் உருட்டி வைக்கப்பட்டிருந்தன.

"வாக்கா. உட்காரு. திங்கக்கிழமைலேர்ந்து ஒரு மருந்துக் கிடங்குல வண்டி ஓட்டப் போறேன்" என்றான்.

அவள் உட்காரவில்லை. ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினாள். ஸ்டாண்டு, உயரம், ஆறு கடை, அவர்கள் சொன்னது, ஒன்றையும் விடவில்லை. அவன் புனலைத் துடைத்துக்கொண்டே கேட்டான்.

"மூணாவது தடவை வந்தப்பவே கண்ணுல பட்டுச்சுக்கா. சொல்ல வாயெடுத்தேன். நீ போட்ட சத்தத்துல எனக்கே வெறுத்துப்போச்சு. கோபம் ஆறினப்புறம் சொல்லலாம்னு ரெண்டு நாள் கழிச்சு வந்தேன். வெளியிலேர்ந்தே பார்த்தேன், நீ எதிர்க்கடையில நின்னு என் இங்க்கை இறக்கி டியூபைக் கழுவிக்கிட்டிருந்தே. அப்படியே திரும்பிட்டேன்."

"இருக்கற கேனை எல்லாம் குடு. என் மெஷின்லயாவது உன் இங்க் ஓடட்டும். நான் கழுவிக்கறேன்."

"வேணாம்க்கா. இன்னொரு தடவை கழுவினா உன் ஹெட்டு போயிடும்."

"போனா போகுதுடா!"

"அதெல்லாம் குடுக்க மாட்டேன். அந்த மெஷின்தானே உன் சோறு."

"என்னைத் திட்டேன்டா! நாலு வார்த்தை நறுக்குன்னு கேளேன்! இப்படி நின்னு புனலைத் துடைக்காத!" என்று கத்தினாள்.

அவன் புனலைக் கீழே வைத்தான். "திட்டி என்னக்கா ஆகப் போகுது? ஆறு கடைக்காரனும் நீ சொன்னதை நம்பினான், அதுல எனக்கு வருத்தம் இல்ல. நான் சொன்னதை நீ நம்பல. அதுதான் தாங்கல." டிரம் மூடியை இன்னொரு தடவை இறுக்கிவிட்டுச் சொன்னான்: "ஒண்ணு மட்டும் கேட்டுக்க. அம்மாகிட்ட எதையும் உளறி வைக்காத. எனக்கே சலிச்சுப்போய் விட்டேன்னு சொல்லியிருக்கேன். உன்னாலன்னு தெரிஞ்சா உன்கூடப் பேசாது. வயசான காலத்துல அது எதுக்கு?"

நாஸில் அக்காவுக்கு, அம்மாவும் அவளும் சேர்ந்து போனில் அவனைக் கிழித்ததெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. அக்கறை கிடையாது என்று சொன்னாளே! கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். "அக்கா, வேணாம், வெச்சுடு" என்று அவன் எட்டிப் பிடுங்கப் பார்த்தான். ஒரு கையால் அவனைத் தள்ளிக்கொண்டே போனைக் காதில் வைத்தாள்.

"என்னடி இந்த நேரத்துல? அந்த நிலையில்லாத பய வேலைக்குச் சேர்ந்துட்டானா?" என்றாள் அம்மா எடுத்த எடுப்பில்.

"அம்மா, அவன் விடல. நான்தான் விட வெச்சேன். என் மெஷின்ல நான் பண்ணின தப்புக்கு, அவன் சரக்கு மோசம்னு தெருவுல நின்னு கத்தினேன். அவன் பிழைப்பைக் கெடுத்தது நான். என்னைக் காட்டிக்குடுக்கக் கூடாதுன்னு உன்கிட்ட சலிச்சுப்போச்சுன்னு பொய் சொல்லியிருக்கான். அவன் நல்லாத்தாம்மா தொழில் பண்ணினான்."

"பக்கத்துல இருக்கானா?" என்று கேட்டாள் அம்மா.

"இருக்கான்."

"அவன்கிட்ட குடு."

கொடுத்தாள். அவன் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு வாங்கினான். "சொல்லும்மா" என்றான். அப்புறம் "ம்" என்றான், இன்னொரு "ம்" என்றான். அம்மா என்ன சொன்னாளோ, அடுத்த "ம்" அவனுக்கு வரவில்லை. சுவர் பக்கம் திரும்பிக்கொண்டான். தோள் குலுங்கியது. அக்கா வாசலுக்கு வந்து தெருவைப் பார்த்து நின்றாள். அவன் அழுது முடிக்கிறவரை அவள் உள்ளே போகவில்லை.